சொந்தத்தில் கடன் கேட்டால்: எப்படிக் கொடுப்பது, எதில் கையெழுத்தே போடக் கூடாது

சொந்தக்காரர் கடன் கேட்டால் கொடுக்கலாமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டே பதில்தான் வரும். ஒன்று, "சொந்தத்துக்குள்ள கொடுக்கல் வாங்கலே வெச்சுக்காதே." இன்னொன்று, "நாம செய்யலேன்னா வேற யாரு செய்வா." இரண்டுமே எனக்கு உதவியதில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல் முழுக்க இருக்கிறது. ரொக்கமாகவா, புரோநோட்டு என்கிற கடன் சீட்டு எழுதியா, நகையாகவா, ஜாமீன் கையெழுத்தாகவா. தொகை ஒன்றேதான், ஆனால் வழிக்கு வழி அது நம் வீட்டில் இழுத்து விடுகிற வேலை வேறு.

என் மச்சினன் திருப்பூரில் பத்துப் பன்னிரண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். பவர் டேபிள், ஓவர்லாக், செக்கிங் என்று சின்ன யூனிட். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு பெரிய கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது, இவனுக்கு வரவேண்டிய பில்லும் இழுத்துக்கொண்டே போனது, தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட முடியவில்லை. "மாமா, மூணு லட்சம் இருந்தா சமாளிச்சுடுவேன், ஆறே மாசம்" என்றான். சரி, இந்த மூன்று லட்சத்தை வைத்தே எல்லா வழியையும் பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒன்று. கேட்கிறவருக்கு விழுந்திருப்பது எந்த மாதிரி ஓட்டை என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. வரவேண்டிய பணம் வராமல் நிற்கிறதா, இல்லை தொழிலே நஷ்டத்தில் ஓடுகிறதா? முதலாவது என்றால் அது கடன் கொடுக்கிற இடம். இரண்டாவது என்றால் நீங்கள் கடன் என்று பெயர் வைத்துக் கொடுத்தாலும் அது திரும்பாது, திருப்பித் தர அவரிடம் வழி கிடையாது, மனசு இருந்தாலும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். பில் புத்தகத்தைக் காட்டச் சொல்ல வாய் வராது. ஆனால் "எந்தக் கம்பெனி எவ்வளவு தரணும், எப்ப வரும்" என்று உட்கார்ந்து எழுதச் சொன்னால் பெரும்பாலும் கேட்டவருக்கே பாதித் தெளிவு வந்துவிடும். உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு உள்ள யூனிட் என்றால், முடித்த வேலையைப் பெற்றுக்கொண்ட கம்பெனி அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, புகார் கொடுக்க இணையதளம்கூட இருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் ஆர்டர் கொடுக்கிற கம்பெனிமேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு எங்கே போய் நிற்பது என்று மச்சினன் கேட்டான். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. நிலுவை நாலு லட்சத்துக்கு மேல் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, அது போதுமாக இருந்தது.

இப்போது வழிகள்.

கேட்ட உடனே எல்லோர் கையும் போவது கைமாற்றுக்குத்தான். பேச்சோடு சரி, எழுத்து எதுவும் இல்லை. பத்தாயிரம், பதினைந்தாயிரம், அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் திரும்பும் என்றால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது, அதற்குப் போய் நோட்டு எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் லட்சக்கணக்கில் வாய்ச்சொல் என்பது இரண்டு பேரும் வேறு வேறு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நடமாட ஒப்புக்கொள்வது. நீங்கள் ஆறு மாதம் என்று நினைத்திருப்பீர்கள், அவர் "சௌகரியப்படும்போது" என்று நினைத்திருப்பார். நடுவில் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் பட்டுப்புடவை எடுத்து வருவார், அதைப் பார்த்ததும் உங்களுக்கு வயிறு எரியும், அவர் அதை வட்டிக்கு ஈடாக நினைத்துத்தான் எடுத்திருப்பார். இன்னொன்று, யாரும் பேச விரும்பாதது: கொடுத்தவர் இறந்துபோனால் வாய்ச்சொல் கடனும் அவரோடு போய்விடும். அவர் மனைவி பிள்ளைகள் போய்க் கேட்டால் "அதை அப்பவே மாமாகிட்ட கொடுத்துட்டனே" என்ற ஒற்றை வரிக்கு எதிரே அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

ரொக்கமாகக் கைமாற்றுவதில் வருமான வரிச் சிக்கலும் உண்டு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது, திருப்பும்போதும் அப்படித்தான். மீறினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவர்மேல். அவசரத்துக்கு உறவுக்குள் கொடுத்து வாங்கியது என்று நிரூபித்துத் தப்பித்த வழக்குகள் உண்டுதான், ஆனால் போனில் இரண்டு நிமிடத்தில் அனுப்ப முடிகிற பணத்துக்கு அந்த வம்பு எதற்கு? வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் கடன் என்றே போடுங்கள். அது மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பணம் போனது வங்கிக் கணக்கில் தெரியும், எதற்காகப் போனது என்பது அதில் தெரியாது.

ஜாமீன் கையெழுத்துக்கு வருகிறேன். என் கணக்கில் இருப்பதிலேயே மோசமான வழி இதுதான், பார்வைக்கு இருப்பதிலேயே மலிவானதும் இதுதான். கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை, "சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா." 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் கேட்டு, அவர் சொத்தை விற்று, மிச்சம் இருந்தால்தான் உங்களிடம் வரவேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை. மாதச் சம்பளக்காரரான நீங்கள்தான் வசூலிக்கச் சுலபமான ஆள், அதனால் நேரே உங்களிடமே வரலாம். அந்தக் கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளைக்கு நீங்கள் வீட்டுக்கடனுக்குப் போனால் அங்கே அது உட்கார்ந்திருக்கும், அவர் இரண்டு தவணை தவறியிருந்தால் உங்களுக்குச் செய்தியே அந்த வங்கி மேனேஜர் சொல்லித்தான் தெரியவரும். பணமாகக் கொடுத்தால் நஷ்டத்துக்கு எல்லை உண்டு, கொடுத்த மூன்று லட்சத்தோடு முடிந்தது. ஜாமீனில் வட்டியும் அபராதமும் ஏற ஏற எல்லை நகர்ந்துகொண்டே போகும், அதை நிறுத்துகிற பிடி உங்கள் கையில் இல்லை. சீட்டு எடுத்தவருக்கு ஜாமீன் போடுவதும் இதே கதைதான்.

உங்கள் பெயரில் பெர்சனல் லோன் எடுத்துக் கொடுப்பது இதற்கு அண்ணன். "இஎம்ஐ நான் கட்டிடறேன்" என்பார், முதல் நாலு மாதம் கட்டவும் செய்வார். ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி வங்கி உங்கள் கணக்கில்தான் கைவைக்கும். கடன் அட்டையைத் தேய்க்கக் கொடுப்பதைப் பற்றி நான் எழுதவே போவதில்லை.

உங்கள் ஏலச்சீட்டை முன்கூட்டியே எடுத்துக் கொடுப்பது இன்னொரு வகை. ஐந்து லட்சம் சீட்டு, அவசரத்துக்கு ஒன்றரை லட்சம் தள்ளி எடுத்தால் கையில் வருவது மூன்றரை. மச்சினன் மூன்றை வாங்கிக்கொண்டு மூன்றைத்தான் திருப்புவான், அந்தத் தள்ளு யார் கணக்கு? இதை முன்னாலேயே பேசி எழுதிக்கொண்ட ஒரு குடும்பத்தையும் நான் பார்த்ததில்லை.

நகைக்கு வருவோம், நம் ஊரில் பாதிக் குடும்பக் கடன் இந்த வழியில்தான் நடக்கிறது. இதில் இரண்டு விதம் இருக்கிறது, வெளியே பார்க்க ஒன்றுபோலத் தெரியும். நகையை மச்சினன் கையில் கொடுத்து அவன் பெயரில் அடகு வைக்கச் சொல்வது ஒன்று. நாமே நம் பெயரில் அடகு வைத்துப் பணத்தை அவனுக்கு அனுப்புவது இன்னொன்று. முதலாவது வேண்டவே வேண்டாம். அவன் பெயரில் வைத்தால் அடகுச் சீட்டு அவன் பெயரில், திருப்பும்போது வங்கி நகையைக் கொடுப்பதும் அவன் கையில். அதுகூடப் பரவாயில்லை. தங்கம் விலை ஏற ஏற அதே நகைக்கு மேற்கொண்டு பணம் தருவார்கள், வட்டியைக் கட்டி மாற்றி வைத்து இன்னும் ஐம்பதாயிரம் கூடுதலாக வாங்கிக்கொள்ள உங்களிடம் கேட்கவேண்டிய அவசியமே கிடையாது. அடகு வைக்கிற நகை என்னுடையதுதான் என்று அவன் எழுதிக் கொடுக்கவும் வேண்டும், ஆக உங்கள் மனைவியின் ஆரம் அன்றைக்குக் காகிதத்தில் அவனுடையதாகிவிடுகிறது. இரண்டரை லட்சத்துக்குள் என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று 2025இல் ரிசர்வ் வங்கி தளர்த்திய பிறகு இந்த ஆசை இன்னும் சுலபம்.

நம் பெயரில் வைத்தால் பிடி நம் கையில் இருக்கும். 9 சதவீத வட்டி என்று வைத்தால் மூன்று லட்சத்துக்கு மாதம் 2,250 ரூபாய். அந்த வட்டியை அவன் மாதாமாதம் அனுப்பட்டும், அதிலேயே அவன் நிலைமையும் தெரிந்துவிடும். இரண்டு மாதம் வட்டி வரவில்லை என்றால் அசல் எப்படி வரும்? ஏல நோட்டீஸ் வந்தாலும் நம் வீட்டுக்கு வரும். ஆனாலும் எனக்கு இந்த வழி உவப்பில்லை. நகை நம்முடையது அல்ல, அவளுடையது. அவள் தம்பிக்கு என்னும்போது "வேண்டாம்" என்று சொல்ல அவளால் முடியாது, என் தம்பிக்கு என்றால் சொல்லாமலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அடுத்த கல்யாணத்துக்கு வெறுங்கழுத்தோடு போய் நிற்கப் போவது அவள்தான், பதில் சொல்லப் போவதும் அவள்தான்.

பேங்கில் போட்டு வைத்த பணத்தை எடுத்துக் கொடுப்பதில் போவது எவ்வளவு என்று பார்த்தால், 7 சதவீதம் என்று வைத்து மாதம் 1,750 ரூபாய். இதை வட்டியாகக் கேட்கலாமா? தாராளமாக. அவனே "சும்மா வேண்டாம் மாமா, ஒரு வட்டி போட்டுத் தந்துடறேன்" என்றான், அதாவது மாதம் 3,000. வெளியே இரண்டு வட்டி, மூன்று வட்டி வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு வட்டி என்பது இனாம் மாதிரி. என் பங்குக்கு, நமக்கு இழப்பாகிற அளவுக்கு மேல் சொந்தத்தில் வாங்கக் கூடாது என்று நினைக்கிறேன். மேலே போனால் நாம் கடன் கொடுத்தவர் ஆகிவிடுவோம், அக்கா வீட்டுக்காரர் என்பது போய்விடும். வட்டி வாங்கினால் அது வருமானம், வரிக்கணக்கில் காட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

திரும்பக் கேட்காத பணமாகக் கொடுத்துவிடுவதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. மூன்று லட்சம் கடன் கேட்டவருக்கு ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, "இதைத் திருப்ப வேண்டாம், இதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்வது. ஓட்டை நஷ்டத்தால் விழுந்தது என்றால் இதுதான் நேர்மையான வழி. வரித் தொல்லையும் இல்லை. உடன்பிறந்தவர், மனைவியின் உடன்பிறந்தவர், பெற்றோர், பெற்றோரின் உடன்பிறந்தவர் எல்லாம் சட்டத்தின் கண்ணில் உறவினர், எவ்வளவு கொடுத்தாலும் வாங்குகிறவருக்கு வரி கிடையாது. ஆனால் சித்தப்பா மகன், பெரியம்மா மகள் அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு அவர்கள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி, வருமான வரித் துறைக்கு அந்நியர், அப்படிப்பட்டவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வருவது மொத்தம் 50,000 தாண்டினால் முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானம்.

பணத்தை அவர் கையில் கொடுக்காமல் தேவை இருக்கிற இடத்தில் கட்டுவது இதன் இன்னொரு வடிவம். பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரி பில், மின் கட்டணம். ஆஸ்பத்திரிச் செலவு என்று கேட்டு வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், வருட வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனையா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை படிப்புக்கு என்றால் 7.5 லட்சம் வரை ஈடு இல்லாமல் கல்விக்கடன் கிடைக்க வழி இருக்கும்போது மாமன்காரன் ஏன் வங்கி ஆக வேண்டும்? விண்ணப்பம் எழுத, மேனேஜரைப் பார்க்கக் கூடப் போய் நில்லுங்கள். பணத்தைவிட அந்த அலைச்சல் சில சமயம் பெரிய உதவி.

மிச்சம் இருப்பது புரோநோட்டு. இதைச் சொன்னவுடன் எங்கள் வீட்டில் மாமியார் முகம் சுருங்கிவிட்டது. "கூடப் பொறந்தவனாட்டம் இருக்கறவன்கிட்ட எழுதி வாங்கணுங்களா மாப்ள?" நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் என் மனைவி, "என் கல்யாணத்துக்கு நூத்தியோரு ரூபா வெச்சவங்க பேரைக்கூட எழுதி வெச்சிருக்கீங்களேம்மா, இது மூணு லட்சம்" என்றாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

யோசித்தால் அதுதானே நம் வழக்கம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கிறது. ஊரைக் கூட்டி ஆட்டுக்கறி போட்டு, மைக்கில் பெயர் வாசித்து, நோட்டில் எழுதி வாங்குகிறார்கள். வட்டி இல்லை, திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டிச் செய்வார்கள். எழுதியதால் யாருக்கும் அங்கே மானம் போகவில்லை, எழுதியிருப்பதால்தான் இத்தனை காலமாக ஓடுகிறது. வீட்டுக்குள் மட்டும் எழுதினால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுகிறது, இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நோட்டில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தேதி, ஊர், அவர் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், தொகை எண்ணிலும் எழுத்திலும், கேட்கும்போது தருகிறேன் என்ற வாசகம், வட்டி இருந்தால் எவ்வளவு. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் குறுக்காகக் கையெழுத்து. அந்த ஸ்டாம்ப் இல்லாத நோட்டைக் கோர்ட் சாட்சியமாக எடுக்காது, பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்யவும் முடியாது, அதனால் தபால் நிலையத்தில் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் எவ்வளவு என்ற தவணைக் கணக்கைத் தனித்தாளில் எழுதி இரண்டு பேரும் ஆளுக்கொரு நகல். வெற்று நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கி வைப்பது கந்துவட்டிக்காரர் வேலை, நமக்கு வேண்டாம். செக் வாங்குவதும் அப்படித்தான். செக் திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை என்பது சட்டம், மச்சினன்மேல் அந்த வழக்கைப் போடுவீர்களா? போடமாட்டீர்கள் என்றால் அந்தச் செக்கைப் பீரோவில் வைத்திருந்து என்ன ஆகப் போகிறது?

அப்புறம் முடியாது என்று சொல்வது. அதுவும் ஒரு வழிதான். சொல்வதென்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும், "பார்க்கலாம்" என்று இழுத்து அவரை வேறு இடத்தில் கேட்கவிடாமல் வைத்திருப்பதுதான் கொடுமை. யார் சொல்வது என்பதும் முக்கியம். தம்பியிடம் அக்கா மறுத்தால் ஒரு மாதம் பேசமாட்டான், தீபாவளிக்கு வந்துவிடுவான். நான் மறுத்தால் அது அவன் பிள்ளைகள் காலம் வரை சொல்லப்படும். அதனால் முடிவு இரண்டு பேரும் சேர்ந்து, வாய் அந்தப் பக்கத்து ஆளுடையது என்று எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படித்தான் வரும். நிலுவை நிற்கிறது, தொழில் ஓடுகிறது என்றால் நம்மிடம் இருக்கிற பணத்தில் நோட்டு எழுதிக் கடன். நஷ்டம் என்றால் முடிந்ததைத் திரும்பக் கேட்காமல். நகை என்றால் வேறு வழியே இல்லாதபோது, நம் பெயரில், அவள் மனதார ஒப்புக்கொண்டால். ஜாமீனும் நம் பெயரில் பெர்சனல் லோனும் எந்த நிலையிலும் இல்லை, அதற்கு உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்றே சொல்வேன், ஏனென்றால் அந்த வழியில் போனாலும் உறவு முறியத்தான் போகிறது, கூடவே பணமும் போகும்.

மச்சினன் விஷயத்தில் மூன்று லட்சத்தை முழுசாகக் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஐம்பதாயிரத்தை அவன் அக்காவே பள்ளியில் கட்டிவிட்டாள், அது கணக்கில் சேராது. ஒன்றரை லட்சம் நோட்டு எழுதி வங்கி வழியாக, மாதம் 15,000 வீதம் பத்து மாதம், வட்டி இல்லை. மீதிக்கு முத்ராவில் விண்ணப்பம் போடச் சொன்னோம், தொழில் கடனுக்கு ஈடு கேட்காத திட்டம் அது. விண்ணப்பத்தில் எனக்கு ஒரு கையெழுத்தும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். ஆறு மாதம் என்று சொன்னவனுக்குப் பத்து மாதம் கொடுத்ததே வேண்டும் என்றுதான். கேட்கிறவர் சொல்லும் கெடு ஆசையில் சொல்வது, அதைவிட நீளமாக எழுதினால் தவறாமல் கட்டுவார்.

நோட்டு எழுதியாகிவிட்டது என்று பீரோவில் போட்டு மறந்துவிட வேண்டாம். எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் அதற்கு உயிர். அதற்குள் ஒரு தவணை கட்டியதை நோட்டின் பின்பக்கம் தேதி, தொகை போட்டு அவரே எழுதிக் கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொண்டால் ஓடாது. அதனால் மாதாமாதம் பணம் வங்கியில் வந்தாலும், வருடத்துக்கு ஒரு முறையாவது அவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது நோட்டைத் திருப்பிப் போட்டு வரவு எழுத வையுங்கள், சாப்பாட்டுக்கு முன்னாலேயே.